மலையேறும் இரு வண்டிகளும் ஊதிய ஒப்பந்தமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணைக்கு அருகாகச் சென்று, வளைவு வளைவாகக் கல்வராயன் மலைமேல் ஏறி வெள்ளிமலையை அடையும் சாலையில், மாநில சர்க்காருக்கு உரிய இருவகை வண்டிகள் செல்கின்றன. ஒன்று, மலைக்கிராம மக்களைச் சந்தைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசேர்க்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்துப் பேருந்து. மற்றொன்று, கூரைவீடு தீப்பற்றிய வேளையிலும், அறுவடையான பயிர் எரியும் வேளையிலும், கிணற்றில் ஆளோ மாடோ விழுந்த வேளையிலும் அழைக்கப்படும் தீயணைப்பு வண்டி. இரண்டு வண்டிகளுக்கும் பாதை ஒன்று, பனிமூட்டம் ஒன்று, கஜானாவும் கடைசியில் ஒன்றே. ஆயினும், பேருந்தை ஓட்டுபவரின் சம்பளம் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் நிர்வாகமும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தினால் நிர்ணயமாகிறது. தீயணைப்பு வண்டியை ஓட்டுபவரின் சம்பளமோ அவர் பங்குகொள்ளாத ஓர் ஆலோசனையின் முடிவில், சென்னையிலிருந்து வெளியாகும் ஓர் அரசாணையினால் நிர்ணயமாகிறது. இந்த வேறுபாடு எவ்வாறு தோன்றியது, இதற்கு நியாயம் உண்டா, பிற தேசங்கள் இதே பிரச்சினையை எவ்விதம் தீர்த்துக்கொண்டன, நம் நாட்டிலேயே அதற்குரிய வழி ஏற்கனவே வகுக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து பார்ப்பது, எட்டாவது மத்திய ஊதியக் குழு தன் வேலையைத் தொடங்கியிருக்கும் இச்சமயத்தில் அவசியமாகிறது.

மேனாட்டு நகரங்கள் பலவற்றில் தீயணைப்புப் படை நகரசபையின் சொந்த ஸ்தாபனம். அங்கே நகரசபையும் தீயணைப்போர் சங்கமும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து, பழைய ஊதிய ஒப்பந்தத்தைப் பரிசீலித்து, காலத்துக்கு ஏற்பப் புதுப்பித்துக்கொள்வது சாதாரண நிர்வாக நிகழ்ச்சியாகும். கள்ளக்குறிச்சியோ ஒரு நகராட்சி. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து உருவான மாவட்டத்தின் தலைநகர். இந்நகராட்சி தன் எல்லைக்குள் தெருவிளக்கையும் குடிநீரையும் பராமரிக்கிறது. தீயணைப்பில் அதற்கு யாதொரு அதிகாரமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தத்தினால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க காரியங்களைப் பதினெட்டாக வகுத்து, அவற்றில் ஏழாவதாகத் தீயணைப்புப் பணியைச் சொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் 1908ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய தீயணைப்புப் பணி, காலப்போக்கில் மாநிலம் முழுமைக்குமான ஒரே இலாகாவாக வளர்ந்து, 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தின் கீழ் இயங்கிவருகிறது. மும்பையில் இவ்வாறு இல்லை. அங்கே தீயணைப்புப் படை மாநகராட்சியைச் சேர்ந்தது. கொழும்பிலும் மாநகர சபையைச் சேர்ந்ததே. நம்முடைய ஏற்பாட்டில் நன்மை இருக்கிறது: சிறிய நகராட்சிகளின் வருமானத்தை நம்பி நின்றிருந்தால், சங்கராபுரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் தீயணைப்பு வண்டி வாங்கும் சக்தி என்றைக்கு வந்திருக்குமோ சொல்ல முடியாது. ஆகவே, ஒப்பந்தம் என்ற பேச்சு இங்கே எழுமானால், அது நகரசபைக்கும் சங்கத்துக்கும் இடையே அல்ல, மாநில சர்க்காருக்கும் அதன் தீயணைப்போருக்கும் இடையேதான் எழ வேண்டும்.

இப்போது ஊதியம் வரும் வழியைக் கவனிப்போம். மாநில ஊழியர்களுக்கென்று தனி ஊதியக் குழுக்கள் அமைத்துவந்த தமிழ்நாடு, 1980களின் இறுதியில், மத்திய அரசு ஊழியர்களின் ஊதியத்தோடு ஒப்புமை என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னர், மத்திய ஊதியக் குழு அறிக்கை தருவதும், மத்திய சர்க்கார் அதை ஏற்பதும், மாநில சர்க்கார் அதிகாரிகள் குழு ஒன்றை நியமிப்பதும், அக்குழுவின் சிபாரிசை அனுசரித்து அரசாணை பிறப்பதும் வழக்கமாயிற்று. ஏழாவது மத்திய ஊதியக் குழுவின் சிபாரிசுகளை அடியொற்றி மாநில சர்க்கார் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட திருத்திய ஊதிய விதிகள், பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57ஆல் பெருக்கிப் புதிய சம்பளத்தைக் கணக்கிட்டன. குறைந்தபட்ச ஊதியம் 15,700 ரூபாய் ஆயிற்று. தீயணைப்போருக்கு 18,200 ரூபாயில் தொடங்கும் நிலை கிடைத்தது. இரண்டாம் நிலைக் காவலரையும் இரண்டாம் நிலைச் சிறைக் காவலரையும் தேர்ந்தெடுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அதே பொதுத் தேர்வே தீயணைப்போரையும் தேர்ந்தெடுப்பதால், மூவருக்கும் தொடக்க ஊதியம் ஒன்றே.

இந்தத் திருத்தத்தில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. புதிய ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் கருத்தளவிலும், 2017 அக்டோபர் 1 முதல் பணமாகவும் அமலுக்கு வந்தது. இடைப்பட்ட 21 மாதங்களுக்கு நிலுவை இல்லை. முந்திய திருத்தத்திலும், 2006 ஜனவரி 1 முதல் கருத்தளவில் உயர்ந்த ஊதியம் 2007 ஜனவரி 1 முதலே பணமாகக் கைக்கு வந்தது. நிதிநிலைமையைச் சமாளிக்க வேண்டிய கட்டாயம் சர்க்காருக்கு இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் செய்து முடித்த 21 மாத உழைப்புக்கு உரிய வித்தியாசத்தை விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவில், விட்டுக்கொடுப்பவருக்குக் குரல் இல்லை என்பதே இங்கே சிந்திக்கவேண்டிய பகுதி. விட்டுக்கொடுக்க அவரே சம்மதித்திருந்தால் அது ஒப்பந்தம். அவர் சம்மதம் கேளாமல் நிகழ்ந்தால் அது கட்டளை. பணத்தொகை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும், மனிதரின் கௌரவத்தைப் பொறுத்தமட்டில் இரண்டும் ஒன்றல்ல.

பேருந்து ஊழியரின் நிலையைப் பார்த்தால் இது தெளிவாகும். கள்ளக்குறிச்சிப் பகுதிப் பேருந்துகளை இயக்குவது விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகம். அதன் ஊழியர்களுக்குத் தொழிற்தகராறுச் சட்டத்தின் வழியில், ஊழியர்கள் வழக்கமாகப் ‘பன்னிரண்டு மூன்று ஒப்பந்தம்’ என்று பிரிவெண்ணால் குறிப்பிடும் சமரச ஒப்பந்தம் ஏற்பட்டுவந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்த காலவரையறை 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் கையெழுத்தான 14ஆவது ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டாக மாறியது. அவ்வொப்பந்தம் 5 சதவீத உயர்வை அளித்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் கையெழுத்தான 15ஆவது ஒப்பந்தம் 6 சதவீத உயர்வை அளித்தது. இவை பெரிய உயர்வுகள் என்று எந்தச் சங்கமும் கொண்டாடவில்லை. 2023 செப்டம்பரில் வரவேண்டிய ஒப்பந்தம் 2025 மே மாதத்தில் வந்ததிலிருந்து, மேஜை இருப்பதாலேயே காலதாமதம் ஒழிந்துவிடாது என்பதும் விளங்கும். ஆயினும் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கும்போது, எப்போது அது முடிகிறது, எப்போது புதியது தொடங்க வேண்டும், எத்தனை நாள் தாமதம் என்பதைச் சாமானிய நடத்துநரும் விரல்விட்டுச் சொல்ல முடிகிறது. தாமதத்தைத் தாமதம் என்று எடுத்துச் சொல்லும் உரிமையே அவருக்கு ஒப்பந்தத்தினால் கிடைத்த முதல் லாபம்.

பேருந்து ஓட்டுவது வியாபாரத்தைப் போன்ற தொழில், தீயணைப்பது அரசின் இறையாண்மைக் கடமை, ஆகையால் முன்னதற்கு ஒப்பந்தமும் பின்னதற்கு ஆணையும் பொருத்தம் என்று சமாதானம் சொல்லக்கூடும். இந்தச் சமாதானத்தை உச்ச நீதிமன்றம் 1960ஆம் ஆண்டிலேயே பரிசீலித்துத் தள்ளியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. நாகபுரி மாநகராட்சிக்கும் அதன் ஊழியர்களுக்கும் இடையே நடந்த வழக்கில், மாநகராட்சியின் ஒவ்வோர் இலாகாவாக எடுத்துக்கொண்டு, அது தொழிற்சட்டத்தின் பொருளில் தொழிலா அன்றா என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. நீதிபதி கோ. சுப்பாராவ் எழுதிய அத்தீர்ப்பு ஓர் எளிய அளவுகோலை வைத்தது: அதே சேவையைத் தனியார் ஒருவர் செய்தால் அது தொழில் எனப்படுமானால், மாநகராட்சி செய்யும்போதும் அது தொழிலே. இந்த அளவுகோலின்படி, குடிநீர், விளக்கு, கழிவுநீர் ஆகியவற்றோடு தீயணைப்பு இலாகாவும் தொழில் என்றே முடிவாயிற்று. சரித்திரமும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. லண்டன் மாநகரில் 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு ஏறத்தாழ இரு நூற்றாண்டுக்காலம் நெருப்பை அணைத்தவர்கள் காப்பீட்டுக் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆட்களே. வரிவிதிப்பதையும் நீதிவழங்குவதையும் படைநடத்துவதையும் போல, அரசைத் தவிர வேறொருவர் செய்யவே இயலாத காரியம் அன்று தீயணைப்பு.

நாகபுரித் தீர்ப்பு மாநகராட்சி ஒன்றைப் பற்றியது. மாநில சர்க்காரின் இலாகா ஊழியர்கள் தனியான பணிவிதிகளுக்கு உட்பட்டவர்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, சர்க்காரின் இறையாண்மைக் காரியங்களைத் தொழில் என்ற வரையறையினின்று விலக்கியிருக்கிறது. எனவே அத்தீர்ப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நாளைக்கே தொழில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நான் சொல்ல வரவில்லை. தீயணைப்பின் இயல்பிலேயே ஒப்பந்தத்துக்கு விரோதமான அம்சம் ஒன்றும் இல்லை என்பதற்கு அது சான்று, அவ்வளவே.

இனி, வேலைநிறுத்தம். இந்தச் சொல்லைக் கேட்டவுடன் பேச்சே நின்றுவிடுகிறது; ஆகவே இதை விரிவாகப் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறக்குறைய 1,70,000 பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அதை எதிர்த்து எழுந்த டி. கே. ரங்கராஜன் வழக்கில், அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று கூறியது. அத்தீர்ப்பின் கடைசிச் சொல்லாகிய தார்மிக உரிமை பற்றி என் அபிப்பிராயம் வேறாயினும், தீயணைப்போரைப் பொறுத்தவரையில் வேலைநிறுத்தம் கூடாது என்பதே என் முடிவு. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னதாக, இதே மாவட்டத்துச் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை ஒன்று வெடித்து எரிந்து பல உயிர்கள் போயினவே. அப்படிப்பட்ட மாலை ஒன்றில் தீயணைப்பு நிலையத்தின் கதவு பூட்டியிருப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. பேருந்து நின்றால் பயணம் தள்ளிப்போகும். நெருப்பு எதற்காகவும் காத்திருக்காது.

வெளிநாடுகளில் இது நேர்ந்ததும் உண்டு. 1977ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் தீயணைப்போர் சங்கம் தேசம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்தபோது, இராணுவத்தினர் பச்சை நிறப் பழைய வண்டிகளை ஓட்டிக்கொண்டு ஒன்பது வாரம் ஊரூராய் நெருப்பை அணைக்க முயன்றனர். 1973ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் நகரத் தீயணைப்போர் சில மணி நேரமே வேலைநிறுத்தம் செய்தனர். உறுப்பினர்கள் வாக்கெடுப்பில் மறுத்திருந்தும், சங்கத் தலைமை முடிவை மாற்றிச் சொல்லி அதை நடத்திற்று என்பது பின்னர் வெளியாயிற்று. அதாவது, அந்தத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோரே தங்கள் கடமையின் தன்மையை அறிந்து வேண்டாம் என்றிருந்தார்கள். நெருப்போடு போராடப் பழகியவர்களின் மனப்பான்மை எங்கும் இப்படித்தான் இருக்கும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது. 1944 ஏப்ரல் 14ஆம் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்னும் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த 66 தீயணைப்போரின் நினைவாகவே நாம் ஆண்டுதோறும் அந்நாளைத் தீயணைப்போர் தினமாக அனுசரிக்கிறோம். 2020ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி, மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற இருவர் கட்டடம் இடிந்து மாண்டனர். இத்தகையவர்கள் தங்கள் சம்பளத்துக்காக ஒரு தெருவை எரியவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதன்று.

ஆனால் ஒருவரிடமிருந்து ஓர் உரிமையை எடுத்துக்கொள்ளும்போது, அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்க வேண்டும் என்பது சாதாரண நீதி. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் நெடுங்காலமாக வற்புறுத்திவருவது இதைத்தான். சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய அதன் 1948ஆம் ஆண்டு உடன்படிக்கை, இராணுவத்தையும் போலீஸையும் மட்டுமே ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. தீயணைப்போரை அவ்வாறு விடவில்லை. தீயணைப்பு அத்தியாவசியச் சேவை, ஆதலால் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யலாம் என்று அந்த ஸ்தாபனத்தின் குழு ஒப்புக்கொள்கிறது. அப்படித் தடைசெய்தால் பாரபட்சமற்ற, விரைவான மத்தியஸ்தத்துக்கு வழி அமைத்துத் தர வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. இந்த உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை. நாம் முதல் பாதியை, அதாவது தடையை, எடுத்துக்கொண்டோம். இரண்டாம் பாதியைத் தமிழ்நாட்டுத் தீயணைப்போருக்கு இன்னும் கொடுக்கவில்லை.

இந்த இரண்டாம் பாதி எங்கோ தூரதேசத்தில் மட்டும் உள்ள வஸ்து அன்று. 1960ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஊழியர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்து முடிந்த பிறகு, அதன் அனுபவத்தினின்று பாடம் கற்ற மத்திய சர்க்கார், 1966ஆம் ஆண்டில் கூட்டுக் கலந்தாலோசனை அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. சர்க்கார் தரப்பும் ஊழியர் தரப்பும் அதில் அமர்ந்து பேசுகின்றன. பேச்சு முறிந்தால், ஊதியமும் படிகளும், வாராந்திர வேலை நேரம், விடுமுறை ஆகிய மூன்று விஷயங்களிலும் கட்டாய மத்தியஸ்தம் உண்டு. சர்க்கார் தரப்பில் ஒருவர், ஊழியர் தரப்பில் ஒருவர், இருவருக்கும் பொதுவான தலைவர் ஒருவர் என மூவர் கொண்ட சபை தீர்ப்புக் கூறும். அத்தீர்ப்பு பார்லிமெண்டின் மேலதிகாரத்துக்கு மட்டும் உட்பட்டு இருதரப்பையும் கட்டும். இதற்கு இரண்டே ஆண்டு கழித்து, 1968இல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் போலீஸாருக்கும் தீயணைப்போருக்கும் என்று ஒரு தனிச் சட்டம் இயற்றியது. வேலைநிறுத்தம் இல்லை, பேச்சு உண்டு, பேச்சு முறிந்தால் மூவர் சபை, அதன் தீர்ப்பு இருதரப்பையும் கட்டும். ஒருவரையொருவர் பார்த்து எழுதாத இரு சர்க்கார்கள் ஏறக்குறைய ஒரே வடிவத்தை வந்தடைந்திருப்பது, அவ்வடிவத்தில் ஏதோ இயற்கையான நியாயம் இருப்பதையே காட்டுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இது அந்நியமன்று. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் பேருந்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, பொங்கலுக்கு ஊர்திரும்ப வேண்டியவர்கள் தவித்த நாட்களில், சம்பளப் பெருக்கம் 2.44ஆ 2.57ஆ என்று பூசல் முற்றியபோது, சென்னை உயர்நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்ததும், ஊழியர்கள் பணிக்குத் திரும்பினர். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு மத்தியஸ்தர் கிடைத்தார். வேலைநிறுத்தமே செய்ய முடியாதவர்களுக்கு அல்லவோ அவர் முதலில் கிடைத்திருக்க வேண்டும்?

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது என்றால் எதைப் புதுப்பிப்பது என்பதை இனிக் காண்போம். அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படுகிறது. அது விலைவாசியைப் பின்தொடர்கிறது. ஊதியக் குழு ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. அது ஒரு பதவிக்கும் மற்றொரு பதவிக்கும் உள்ள படிநிலையைச் சீர்செய்கிறது. வேலையே மாறிவிட்டதை யார் கணக்கிடுகிறார்கள்? தீயணைப்பு இலாகா என்றிருந்தது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்றானதில், சீருடை மாறவில்லை, தொடக்க ஊதியத்தின் தர்க்கமும் மாறவில்லை. வேலை மட்டும் பன்மடங்கு விரிந்துவிட்டது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதும், சுற்றுப்புறம் எங்கும் கரும்பும் மக்காச்சோளமும் விளைவதும் இந்த மாவட்டத்தின் செழிப்பு. காய்ந்த சோகையில் தீப்பிடித்தால் ஏக்கர் கணக்கில் கொண்டுபோவதும் அதே செழிப்பின் மறுபக்கம். இதற்கு மேல், ஆழக்கிணறுகளில் விழுந்த மனிதர்களையும் கால்நடைகளையும் கயிறு கட்டி இறங்கித் தூக்குவது, வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிப்பது, சாலை விபத்தில் நசுங்கிய வண்டியை அறுத்து உள்ளிருப்பவரை எடுப்பது ஆகியவை எல்லாம் சேர்ந்துள்ளன. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல்மழையை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் கரைபுரண்டு, திருக்கோவிலூர் முதலான ஊர்களைச் சூழ்ந்தபோது, நெருப்புக்கு எதிராகப் பயிற்சி பெற்ற கை படகின் துடுப்பைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மலைமேல் உள்ள நிலைமை இன்னும் விசேஷமானது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் இரு பிரிவாகச் சேலம் மாவட்டத்திலும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் பரந்து கிடப்பது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்து, 1976ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தனர். ஆகையால் சாலையும் மின்சாரமும் ஆஸ்பத்திரியும் சமவெளிக்குப் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்தே மலைக்கு வந்தன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயச் சாவுகள் நேர்ந்த பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து மலைமக்களின் வாழ்நிலையைக் குறித்து விசாரணை தொடங்கியதும், அங்குச் சாலை வசதியே முக்கியக் கேள்வியாக எழுந்ததும் யாவரும் அறிந்தவை. இத்தகைய மலையில் தீயணைப்பு வண்டியின் தாமதம் ஓட்டுநரின் குறையால் ஏற்படுவதன்று. வளைவுகளின் எண்ணிக்கையாலும் தண்ணீர் நிரப்பிய வண்டியின் பாரத்தாலும் ஏற்படுவது. சமவெளி நிலையத்தைச் சேர்ந்த குழு ஒன்று அழைப்பின் பேரில் மலையேறிப் பாடுபட்டுத் திரும்பினால், அந்த உழைப்புக்கு ஊதியக் கணக்கில் தனி இடம் இல்லை. மலைப்படி என்பது ஊழியரின் பணியிடம் மலையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பணி அவரை எங்கே அழைத்துச் செல்கிறது என்று பார்ப்பதில்லை. கல்வராயன் மலையடிவாரத்துக்கும், ஜவ்வாது மலையடிவாரத்துக்கும், கொல்லிமலையடிவாரத்துக்கும் பொதுவான இந்தக் குறையை, டெல்லியில் அமர்ந்து நாடு முழுமைக்கும் சிந்திக்கும் ஊதியக் குழு எப்படி அறியும்? எடுத்துச் சொல்பவர் மேஜையில் இருந்தால் ஒரு பிற்பகலில் தீரக்கூடிய விஷயம் இது.

வேலை நேரமும் இத்தகையதே. ஒரு முழுநாள் பணி, அடுத்த நாள் ஓய்வு என்னும் முறையும், அதனின்று சிறிது வேறுபட்ட முறைகளும் நம் நாட்டுத் தீயணைப்பு நிலையங்களில் வழங்குகின்றன. அழைப்பு இல்லாத வேளையில் நிலையத்தில் இருப்பது ஓய்வா, வேலையா? இருபத்துநான்கு மணி நேரமும் காலணியை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இருப்பவரை ஓய்வில் இருப்பவர் என்று கருதுவது பொருந்தாது என்றே நினைக்கிறேன். மத்திய அமைப்பில் கட்டாய மத்தியஸ்தத்துக்கு உரிய மூன்று விஷயங்களில் வேலை நேரம் ஒன்றாயிருப்பது எவ்வளவு அறிவுடைய ஏற்பாடு என்பதை இந்த இடத்தில் உணரலாம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியேற்றவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டதும் இவ்வாறே மேஜைப் பேச்சின்றி ஆணையால் நடந்ததே. அந்த முடிவு எல்லா அரசு ஊழியரையும் சேர்ந்தது. ஆயினும் இளமையில் உடலைச் செலவழிக்கும் தொழிலில் இருப்பவருக்கு அதன் பாரம் கூடுதல்.

பிரிட்டனின் அனுபவம் இங்கே இரு பாடங்களையும் தருகிறது. 1977ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் முடிவில், தீயணைப்போரின் ஊதியம் ஆண் உடலுழைப்பாளர்களின் வருமான வரிசையில் மேல் கால்பகுதியின் எல்லையோடு பிணைக்கப்பட்டது. அந்தச் சூத்திரம் ஆண்டுதோறும் தானே இயங்கி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஊதியச் சண்டை பெரிதாக மூளாமல் காத்தது. ஆயினும் நாளடைவில் உடலுழைப்புத் தொழில்களே மெலிந்து, தீயணைப்போரின் வேலையோ மீட்பும் முதலுதவியும் இரசாயன விபத்தும் என்று விரிந்துபோக, பழைய ஒப்பீடு பொருளிழந்தது. 2002ஆம் ஆண்டு சங்கம் ஆண்டுக்கு 30,000 பவுன் கேட்டது, மீண்டும் வேலைநிறுத்தம், பேராசிரியர் ஜார்ஜ் பெயின் தலைமையிலான விசாரணை, 2003 ஜூனில், வேலைமுறை மாற்றங்களோடு இணைத்து, மூன்றாண்டில் ஏறத்தாழ 16 சதவீத உயர்வு. சூத்திரம் அமைதி தரும். ஆனால் வேலையின் உள்ளடக்கத்தை அவ்வப்போது திறந்து பார்க்காவிட்டால் சூத்திரமும் பழசாகும். நமது 2.57 என்ற பெருக்கமும் ஒரு சூத்திரமே. எல்லாப் பதவிக்கும் ஒரே எண்ணால் பெருக்குவது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது பழைய ஏற்றத்தாழ்வுகளையும் அதே எண்ணால் பெருக்கிவிடுகிறது.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. தீயணைப்போருக்கு மேஜை கொடுத்தால் போலீஸாரும் கேட்பார்கள் என்பது ஒன்று. போலீஸ் படைகளுக்கு 1966ஆம் ஆண்டின் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. ஆயுதம் தாங்கி, பிரஜைகளைக் கைது செய்யும் அதிகாரம் உடையவர்களின் சங்கத்தைப் பற்றி அரசுக்கு இருக்கும் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீர்க் குழாயும் ஏணியும் தாங்குபவரிடம் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. ஒரே தேர்வில் எடுத்தோம், ஒரே ஊதியம் கொடுக்கிறோம் என்ற நிர்வாக வசதி, ஒருவருக்கு உரிய கட்டுப்பாட்டை இன்னொருவருக்கும் சுமத்துவதற்கு ஆதாரமாகாது. மற்றொன்று நிதி. மாநிலத்தின் வருவாயில் சம்பளமும் ஓய்வூதியமும் பெரும்பங்கை விழுங்குவது மெய். ஆனால் நஷ்டத்தில் ஓடும் போக்குவரத்துக் கழகங்களே சங்கங்களோடு கையெழுத்திட்டு, அந்த நஷ்டத்தின் நடுவிலும் 5 சதவீதம், 6 சதவீதம் என்ற எல்லைக்குள் முடித்துக்கொண்டிருக்கும்போது, ஒப்பந்தம் என்றாலே கஜானா காலி என்ற பயம் ஆதாரமற்றது. கணக்கு விரித்து வைக்கப்பட்டால் தொழிலாளரும் கணக்குப் பார்ப்பார்கள்.

எட்டாவது மத்திய ஊதியக் குழு, நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில், 2025 நவம்பரில் அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய வழக்கம் தொடருமானால், அதன் அறிக்கைக்குப் பின் தமிழ்நாட்டிலும் அதிகாரிகள் குழு ஒன்று வரும். அது வருவதற்கு முன்பாகவே, மத்திய அமைப்பைப் போன்ற ஒரு கூட்டுக் கலந்தாலோசனைச் சபையைத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கென அரசு சட்டபூர்வமாக நிறுவ வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கை. அச்சபையில் ஊழியர் தரப்பில் அமர்பவர்களை நிலையங்களில் பணிபுரிவோர் இரகசிய வாக்கெடுப்பினால் தேர்ந்தெடுக்க வேண்டும். தீயணைப்போரும், முன்னணி தீயணைப்போரும், ஓட்டுநரும், நிலைய அலுவலரும் தனித்தனியே பிரதிநிதித்துவம் பெற வேண்டும். வேலைநிறுத்தம் இல்லை என்று ஊழியர் தரப்பு எழுதிக் கொடுக்கட்டும். பேச்சு முறிந்து ஆறு மாதத்துக்குள் மூவர் சபையின் தீர்ப்பு வரும் என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கட்டும். திருத்தம் எந்தத் தேதியிலிருந்து உரியதோ அந்தத் தேதியிலிருந்தே பணமும் உரியது என்பதும், அதில் குறைப்பு வேண்டுமானால் அதுவும் பேசித்தான் தீரவேண்டும் என்பதும் முதல் ஷரத்தாக இருக்கட்டும்.

சபை கூடும்போது அதன்முன் வைக்கவேண்டிய முதல் ஆவணம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்திலும் எந்த நேரத்தில் அழைப்பு வந்தது, எந்த நேரத்தில் வண்டி புறப்பட்டது, எங்கே போய் எப்போது திரும்பிற்று என்ற பதிவு இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து நிலையங்களின் பதிவேடுகளைப் பத்தாண்டுக்குத் தொகுத்து, நெருப்புக்குப் போனது எத்தனை, மீட்புக்குப் போனது எத்தனை, மலைச்சாலையில் ஏறியது எத்தனை, இரவில் எத்தனை, காயத்தோடு திரும்பியவர் எத்தனை என்று பிரித்து எழுதினால், 18,200 ரூபாய் என்று தொடங்கும் ஊதிய நிலை எந்த வேலைக்கு என்று நிர்ணயிக்கப்பட்டது, இன்று எந்த வேலைக்குக் கொடுக்கப்படுகிறது என்பது இருதரப்புக்கும் ஒரே ஏட்டில் தெரியவரும். அந்தத் தொகுப்பைத் தயாரிக்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை. மாவட்ட அலுவலகமே இந்த ஆண்டில் தொடங்கலாம்.